செல்சியின் இரவல் படை

ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கழகம் ஒரு வீரரை வாங்கிவிட்டதாகச் செய்தி வரும்போது உண்மையில் கைமாறுவது ஒரு பதிவு மட்டுமே; குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும்வரை அந்த வீரர் அந்தக் கழகத்தின் அனுமதியின்றி வேறெங்கும் ஆட முடியாது என்பதே அந்தப் பதிவின் பொருள். பதிவை வைத்திருக்கும் கழகம் வீரருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், பயிற்சி வசதி தந்தாக வேண்டும். ஆனால் அவரை ஆட்டத்தில் இறக்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. உலகக் கால்பந்தின் ஆட்சியமைப்பான பிஃபா, ஒரு பருவத்தின் போட்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆடவிடப்பட்ட வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியை வைத்திருப்பது உண்மைதான். ஆயினும் அது பயிற்சிக் காலத்தைக் கடந்து நிலைபெற்றுவிட்ட வீரர்களுக்கே பொருந்துமாகையால், அதன் துணை யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு அது பயன்படுவதில்லை. பணம் படைத்த கழகங்கள் இளம் திறமைகளை அள்ளிக்கொண்டு, முதல் அணிக்குள் சேர்க்காமலே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

அந்த வழக்கத்தை ஒரு தொழிலாகவே நடத்திக் காட்டியது லண்டனின் செல்சி கழகம். ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமான் அப்ரமோவிச் 2003இல் அதை வாங்கிய பிறகு முதல் சில ஆண்டுகள் புகழ்பெற்ற வீரர்களைப் பெரும் விலைக்கு வாங்குவதிலேயே கழிந்தன. பின்னர் கழகத்தின் பார்வை, இன்னும் பெயர் பெறாத பதின்ம வயதினரை மொத்தமாகச் சேர்ப்பதன் பக்கம் திரும்பியது. 2018-19 பருவத்தில் செல்சியின் பதிவில் இருந்துகொண்டே வேறு கழகங்களுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஓர் அணி தன் பட்டியலில் வைத்துக்கொள்ளக்கூடிய 21 வயதுக்கு மேற்பட்ட வீரர்களே 25 பேர்தான் என்பதோடு இதை ஒப்பிட்டால், வெளியே இருந்த படை உள்ளே இருந்த அணியைவிடப் பெரியது என்பது விளங்கும். இவ்வாறு அனுப்புவதை ‘லோன்’, அதாவது இரவல் ஒப்பந்தம் என்கிறார்கள்: வீரரின் பதிவு தாய்க் கழகத்திடமே இருக்க, ஒரு பருவத்துக்கோ அரைப் பருவத்துக்கோ வேறொரு கழகம் அவரைப் பயன்படுத்திக்கொண்டு, சம்பளத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஏற்றுக்கொள்ளும்.

இதை ஊதாரித்தனம் என்று நினைப்பவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா, கழகங்கள் தம் வருவாய்க்குள் செலவு செய்ய வேண்டும் என்ற நிதி விதிகளை 2011-12 பருவத்திலிருந்து நடைமுறைப்படுத்தியபோது, உரிமையாளரின் பணப்பையைத் திறந்து வைத்தால் போதும் என்ற காலம் முடிந்தது. வீரர்களை விற்றும் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. அந்த விதிகளின்படி ஒரு வீரருக்குக் கொடுத்த விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிடப்பட்டு ஆண்டுதோறும் சிறு செலவாக எழுதப்படும். அவரை விற்றுக் கிடைக்கும் ஆதாயமோ அந்த ஆண்டிலேயே முழுவதுமாக வரவில் ஏறிவிடும். கழகமே வளர்த்தெடுத்த பையனுக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லாததால், அவன் விற்கப்படும்போது கிடைப்பதனைத்தும் இலாபமே. இந்த ஏற்பாட்டில் குறைந்த விலைக்குப் பத்துப் பேரை வாங்கி, அவர்களை மற்றவர்களின் ஆடுகளங்களில் ஆடவைத்து, மதிப்புக் கூடிய இருவரை விற்றால், மீதி எட்டுப் பேருக்கான செலவும் அதிலேயே அடங்கிவிடக்கூடும். 2012இல் நாட்டிங்காம் ஃபாரஸ்டிலிருந்து 15 லட்சம் பவுண்டு அளவில் வாங்கப்பட்ட பாட்ரிக் பாம்ஃபோர்ட் ஆறு கழகங்களுக்கு இரவலாகச் சென்று, செல்சிக்காக ஒரு போட்டியிலும் ஆடாமல், 2017இல் வாங்கிய விலையைப் போலச் சில மடங்குக்கு மிடில்ஸ்பரோவுக்கு விற்கப்பட்டார். பெல்ஜிய வீரர் தோர்கன் ஹசார்டும் செல்சியின் முதல் அணிக்காக ஒரு போட்டியில்கூட இறங்காமலே ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார்.

செல்சியின் கைநழுவிப்போனவர்கள் என்று ரசிகர்கள் சலிப்போடு சொல்லும் பெயர்கள் மூன்று. கெவின் டி புருய்னே 2012 ஜனவரியில் கெங்க் கழகத்திலிருந்து ஏறத்தாழ 70 லட்சம் பவுண்டுக்கு வந்து, வெர்டர் பிரேமனில் ஒரு பருவம் இரவலாக ஆடித் திரும்பி, மூன்றே மூன்று லீக் போட்டிகளில் செல்சிக்காக இறங்கியபின் 2014 ஜனவரியில் ஏறத்தாழ 1.8 கோடிக்கு வோல்ஃப்ஸ்பர்குக்கு விற்கப்பட்டார். அடுத்த ஆண்டே மான்செஸ்டர் சிட்டி அவருக்கு 5.5 கோடி பவுண்டு அளவில் கொடுத்தது. 2014 ஜனவரியில் பாசெலிலிருந்து வாங்கப்பட்ட முகமது சாலா, ஓராண்டுக்குப் பின் இத்தாலிக்கு இரவலாக அனுப்பப்பட்டு ரோமாவிலேயே தங்கிவிட்டார். லிவர்பூல் அவரை 2017இல் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்து வந்தபோது முதல் பருவத்திலேயே 32 லீக் கோல்கள் அடித்தார். 18 வயதில் வந்த ரொமேலு லுகாகு 2014இல் 2.8 கோடிக்கு எவர்ட்டனுக்கு விற்கப்பட்டு, 2021இல் 9.75 கோடிக்குத் திரும்ப வாங்கப்பட்டு, ஒரே பருவத்தில் மறுபடியும் இரவலில் வெளியே போனார். லுகாகு விஷயம் மட்டுமே கணக்கிலும் தோல்வி. டி புருய்னேயைப் பொறுத்தவரை செல்சியின் பேரேடு இரண்டாண்டில் இரண்டரை மடங்கு வரவையே காட்டும். இழப்பு நேர்ந்தது ஆடுகளத்தில்தான், அதற்குப் பேரேட்டில் இடமில்லை.

திறமையைக் கண்டறியத் தெரிந்த ஒரு கழகம் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் போனதற்குப் பயிற்றுநர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. வீரரைத் தேர்ந்தெடுத்து வாங்கும் பிரிவு ஐந்தாண்டுக் கணக்கில் சிந்திக்கிறது. முதல் அணியின் பயிற்றுநரோ அடுத்த ஐந்து போட்டிகளில் தோற்றால் வேலை போகும் என்ற நிலையில் இருக்கிறார். அப்ரமோவிச்சின் காலத்தில் செல்சி பத்து முறைக்கு மேல் பயிற்றுநரை மாற்றியது. அப்படிப்பட்ட இடத்தில் 19 வயதுப் பையனின் தவறுகளைப் பொறுத்துக்கொண்டு பத்து ஆட்டம் கொடுப்பவர், அவன் தேறிவரும் நாளில் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார். இளையோருக்கான எஃப்.ஏ. யூத் கோப்பையை 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஒரு கழகத்தில், 1998இல் முதல் ஆட்டம் கண்ட ஜான் டெர்ரிக்குப் பின் கழகப் பயிலகத்திலிருந்து வந்து நீண்ட காலம் நிலைத்தவர் என்று சொல்ல இருபதாண்டுகளுக்கு எவரும் இல்லாதது இதனால்தான்.

இரவல் முறையே தீமை என்றும் சொல்ல முடியாது. கோல் காவலர் திபோ கூர்த்துவா 2011இல் வந்தவுடன் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு அனுப்பப்பட்டு, மூன்று பருவங்கள் அங்கே முதன்மைக் காவலராக ஆடி, 2014இல் ஸ்பானிய லீக் பட்டத்துடன் திரும்பினார். அவ்வாண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அட்லெட்டிகோவும் செல்சியும் மோத நேர்ந்தபோது, செல்சிக்கு எதிராக அவரை இறக்கினால் அட்லெட்டிகோ தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்த வாசகம் செல்லாது என்று யூஃபா அறிவித்ததால், தன் பதிவை வைத்திருந்த கழகத்துக்கு எதிராகவே அவர் நின்று வென்றார். ஆனால் கூர்த்துவாவுக்கு வாய்த்தது ஒரே ஊர், பெரும்பகுதிக் காலமும் ஒரே பயிற்றுநர், நிலையான இடம். பலருக்கு அமைந்தது இடைவிடாத இடமாற்றம். பிரேசிலின் சாவ் பாவ்லோவிலிருந்து 2012 தொடக்கத்தில் வந்த லூகாஸ் பியாசோன் ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்தின் கீழ்நிலைத் தொடர், இத்தாலி, போர்ச்சுகல் என்று ஏழு கழகங்களுக்கு இரவலாகச் சென்று, 2021 ஜனவரியில் விடைபெறும்வரை செல்சிக்காக மூன்று ஆட்டங்களே ஆடினார். குரோஷியக் கோல் காவலர் மாத்தேய் டெலாச், கழகத்தில் மிக நீண்ட காலம் இருந்த வீரர்களில் ஒருவராகி 2018இல் வெளியேறியபோது அவரது செல்சிக் கணக்கில் ஓர் ஆட்டமும் இல்லை.

ஆண்டுக்கொரு நாடு, ஆண்டுக்கொரு மொழி என்பது இருபது வயதில் சுமக்க எளிதான பாரமன்று; அதைவிடக் கடினமானது, இரவல் வாங்கிய கழகத்தின் பயிற்றுநருக்கு அந்த இளைஞனின் எதிர்காலத்தில் பங்கு ஏதும் இல்லாதது. அடுத்த ஆண்டு தன்னிடம் இருக்கப்போகாத ஒருவனைப் பொறுமையோடு செதுக்குவதைவிட, தன் சொந்த வீரனுக்கே அந்த ஆட்டங்களைக் கொடுப்பது அவருக்கு இலாபம். செல்சி இதற்கு ஒரு மாற்றாக நெதர்லாந்தின் ஆர்னெம் நகரத்து விட்டெஸ் கழகத்தோடு 2010 முதல் நெருங்கிய உறவு வைத்துக்கொண்டது. நெமான்யா மாட்டிச், டொமினிக் சொலாங்கி, மேசன் மவுண்ட் உள்ளிட்ட பலர் அங்கே சென்றார்கள். மவுண்ட் 2017-18இல் விட்டெஸில் நன்கு தேறினார் என்பதும், அவரோடும் அவருக்கு முன்னும் அங்கே சென்றவர்களில் பலருக்கு லண்டனில் கதவு திறக்கவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

பெரிய கழகம் வைத்திருக்கும் ஒவ்வொரு பையனும் ஒரு சிறிய கழகத்திலிருந்து எடுக்கப்பட்டவன் என்பதால், இதன் விலையை வேறு சிலரும் கொடுக்கிறார்கள். ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கும் சிறுவர்களையே ஒரு பயிலகம் சேர்க்கலாம் என்று இங்கிலாந்தில் இருந்த கட்டுப்பாடு, 2012இல் வந்த இளையோர் மேம்பாட்டுத் திட்டத்தால் உயர்தரப் பயிலகங்களுக்குத் தளர்த்தப்பட்டதோடு, சிறுவனை இழக்கும் கழகத்துக்குத் தர வேண்டிய இழப்பீடும் ஒரு விலைப்பட்டியலுக்குள் அடக்கப்பட்டது. தன் நல்ல சிறுவர்களைச் சொற்பத் தொகைக்குப் பெரிய கழகங்கள் கொண்டுபோவதைப் பார்த்துச் சலித்த பிரென்ட்ஃபோர்ட், 2016இல் தன் பயிலகத்தையே மூடிவிட்டது. உள்ளூர் வீரர்களைக் காப்பதற்கென வந்த மற்றொரு விதியும் எதிர்பாராத பலன் தந்தது. 2010-11 முதல் 25 பேர் பட்டியலில் எட்டுப் பேராவது ‘உள்நாட்டில் வளர்ந்தவர்களாக’ இருக்க வேண்டும் என்று பிரீமியர் லீக் கேட்டது. ஆனால் 21 வயதுக்குமுன் மூன்று பருவங்கள் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒரு கழகத்தில் பதிவாகியிருந்தால் போதும், எந்த நாட்டவரானாலும் அந்தத் தகுதி கிடைக்கும் என்பதால், பதினாறு வயதிலேயே வெளிநாட்டுச் சிறுவனைக் கொண்டுவருவது கழகங்களுக்கு இன்னும் பயனுள்ளதாயிற்று.

வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்ப்பதற்கான விதிகளின் எல்லைகளைச் செல்சி இருமுறை சோதித்தது. பிரான்சின் லான்ஸ் கழகத்திலிருந்து கேல் ககூட்டாவை ஒப்பந்தத்தை மீறத் தூண்டி அழைத்து வந்ததாக 2009இல் பிஃபா விதித்த தடை, இரு கழகங்களும் உடன்பாட்டுக்கு வந்ததால் 2010இல் விலகியது. 2019 பிப்ரவரியில் வந்த இரண்டாவது தடைக்குக் காரணம், 18 வயது நிரம்பாத வெளிநாட்டுச் சிறுவர்களைப் பதிவுசெய்வதற்கான விதிகளை 29 பேர் விஷயத்தில் மீறியதாக பிஃபா கண்டது. இரண்டு மாற்றுக் காலங்களுக்கு, அதாவது வீரர்களைப் பதிவுசெய்ய அனுமதிக்கப்படும் இரு பருவகால இடைவெளிகளுக்கு, செல்சி புதியவர் எவரையும் சேர்க்கக் கூடாது என்றாயிற்று. விளையாட்டு நடுவர் மன்றம் அதை அவ்வாண்டு டிசம்பரில் பாதியாகக் குறைத்தபோதிலும், அதற்குள் ஒரு கோடைக்காலம் கடந்திருந்தது.

தண்டனையாக வந்த அந்தக் கோடைதான், யாரும் திட்டமிடாத ஒரு சோதனையாக அமைந்தது. எவரையும் வாங்க முடியாத நிலையில் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் லாம்பார்ட், இரவலிலிருந்து திரும்பிய மவுண்ட், டாமி ஏப்ரஹாம், ஃபிகாயோ டொமோரி, ரீஸ் ஜேம்ஸ் ஆகியோரை முதல் அணியில் இறக்கினார். ஏப்ரஹாம் அந்தப் பருவத்தில் 15 லீக் கோல்கள் அடித்தார். அணி நான்காம் இடத்தில் முடித்தது. 2021 மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் செல்சி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்றபோது, ஒரே கோலுக்கான பந்தைக் கொடுத்தவர் மவுண்ட், வலப்பக்கக் காப்பில் நின்றவர் ஜேம்ஸ், எதிரணியின் தலைவர் முகக்காயத்தோடு வெளியேறிய டி புருய்னே. திறமை போதாமையால் பயிலக வீரர்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்ற வாதம் அதன்பின் நிற்கவில்லை. வாங்கப் பணம் இருந்தவரை அவர்களைச் சோதித்துப் பார்க்கவே யாருக்கும் அவசியம் நேரவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம். ஆனாலும் கணக்கின் இழுவிசை தளரவில்லை: 2021இல் ஏப்ரஹாமும் டொமோரியும் இத்தாலிக்கும், 2023இல் மவுண்ட் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், 2024இல் கோனர் கேலகர் அட்லெட்டிகோவுக்கும் விற்கப்பட்டார்கள், விலையேதுமின்றி வளர்ந்தவர்களாகையால் முழு இலாபத்துக்கு.

பிஃபா 2022 ஜூலையில் சர்வதேச இரவலுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. ஒரு கழகம் எட்டுப் பேரை அனுப்பலாம் என்று தொடங்கிய வரம்பு 2024-25 முதல் ஆறாகக் குறைந்தது. ஓர் இரவல் ஓராண்டைத் தாண்டக் கூடாது. இரவல் பெற்றவர் அந்த வீரரை மூன்றாம் கழகத்துக்கு இரவல் தரக் கூடாது. இரு கழகங்களுக்கிடையே ஒரு திசையில் மூவருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் 21 வயதுக்கு உட்பட்டவர்களும் கழகமே பயிற்றுவித்தவர்களும் எண்ணிக்கை வரம்பில் சேரமாட்டார்கள் என்ற விலக்கு, சிக்கலின் மையத்தையே விதிக்கு வெளியே வைத்துவிட்டது.

2022இல் 250 கோடி பவுண்டுக்குச் செல்சியை வாங்கிய புதிய உரிமையாளர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். எட்டாண்டுகளைத் தொடும் ஒப்பந்தங்களில் இளைஞர்களைச் சேர்த்து, ஆண்டுச் செலவைச் சிறுசிறு கூறுகளாக்கினார்கள். விலையை அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்கே பங்கிடலாம் என்று யூஃபாவும் பிரீமியர் லீக்கும் 2023இல் விதியை மாற்றியதில் இதற்குப் பங்குண்டு. அதே 2023இல் புதிய உரிமையாளர்கள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் கழகத்தையும் வாங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியபின் 18 வயது நிரம்பாத வெளிநாட்டவரை இங்கிலாந்துக் கழகங்கள் சேர்க்கவே முடியாது. 18 நிரம்பியவர்களுக்கும் ஆட்டம் கொடுக்க ஓர் இடம் வேண்டும். ஆண்ட்ரே சாண்டோஸ் நாட்டிங்காம் ஃபாரஸ்டில் வாய்ப்பின்றி வாடியபின் ஸ்ட்ராஸ்பூரில் நிலைபெற்று, 2025இல் செல்சியின் நடுக்களத்துக்குத் திரும்பினார். அவ்வாண்டே எக்குவடோரின் கென்ட்ரி பாயெஸ் ஸ்ட்ராஸ்பூருக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன் அதே வழியில் சென்ற பிரேசில் வீரர் ஏஞ்சலோ, செல்சிக்காக அதிகாரபூர்வப் போட்டி எதிலும் ஆடாமல் 2024இல் சவூதி அரேபியாவின் அல் நசருக்கு விற்கப்பட்டார். தங்கள் கழகம் இன்னொன்றின் பயிற்சிக்கூடமாக்கப்படுகிறது என்று ஸ்ட்ராஸ்பூர் ரசிகர்கள் அரங்கில் மௌனம் காத்து எதிர்ப்புத் தெரிவித்தும் போக்குவரத்து நிற்கவில்லை. 2025 கோடையில் இஷே சாமுவேல்ஸ்-ஸ்மித் என்ற இளம் தற்காப்பு வீரர் செல்சியிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு நிரந்தரமாக விற்கப்பட்டு, அதே மாற்றுக் காலம் முடிவதற்குள் செல்சிக்குத் திரும்ப வாங்கப்பட்டு, உடனே வேல்ஸின் ஸ்வான்சீக்கு இரவலாக அனுப்பப்பட்டார். இரு கழகங்களுக்கிடையே மூவர் என்ற வரம்பு இரவலுக்கு மட்டுமே உரியது, விற்பனைக்கு அல்ல.