கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு

கறிவேப்பிலைக் கன்றின் இலைமேல் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால், துடைத்தெறிவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பழுப்பும் வெள்ளையுமாகப் பளபளக்கும் அது மெல்ல நகர்ந்தால், கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். எலுமிச்சை அழகியின் புழுவும் இளமையில் இதே வேஷத்தில்தான் இருக்கும். எச்சத்தைக் கொத்தித் தின்னப் பறவைகள் வருவதில்லை. அதனால்தான் பட்டப்பகலில், நட்டநடு இலையில், அசையாமல் கிடக்க முடிகிறது.

மூன்று நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு மாடித்தோட்டம் போட நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான். தக்காளியோ கத்தரியோ காய்க்கும்வரை பொறுத்திருக்க அந்த வயதால் ஆகாது. இந்தப் புழுவின் கதை முட்டையில் தொடங்கி இறக்கை முளைக்கும் வரை, நம் ஊர் வெயிலில், ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். தினமும் காலையில் போய்ப் பார்க்க ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும். பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே கூடாது. புழுவுக்காக மட்டும் சொல்லவில்லை. கைக்கு எட்டிய இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் வயது அது.

தாய்ப்பூச்சி செடியைக் கண்டுபிடிக்கும் விதமே அழகு. இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டிப் பார்க்கும். அதன் சுவை உணரும் நுண்ணுறுப்புகள் காலில் இருக்கின்றன. தன் குஞ்சுகள் தின்னக்கூடிய இலை என்று தெரிந்ததும் இளந்துளிரில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒற்றை முட்டை வைக்கும். சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மூன்று நான்கு நாளில் புழு வெளியே வரும். பிறகு நான்கு முறை தோலுரிக்கும். நான்காவது உரிப்புக்குப் பிறகு எச்ச வேஷம் கலைந்து இலைப்பச்சைக்கு மாறிவிடும். முன்பக்கத்தில் இரண்டு பெரிய கண்கள் தெரியும். இரண்டுமே வெறும் புள்ளிகள். நிஜத் தலை அதற்குக் கீழே, சின்னதாக ஒடுங்கியிருக்கும்.

இந்தப் பருவத்தில் அதை ஒருமுறை விரல்நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பு நிறத்தில் கவட்டையாக ஒரு சதைக்கொம்பு சட்டென்று வெளியே நீளும், கூடவே நெடி அடிக்கும். எறும்பையும் சிறு பூச்சிகளையும் விரட்ட அதனிடம் இருக்கும் ஆயுதம் அதுதான். நம்மை ஒன்றும் செய்யாது. திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள். அதற்கு அது வேதனை. முருங்கையில் அப்பிக்கிடக்கும் கம்பளிப்புழு வேறு ஜாதி, அதன் முடி பட்டால் அரிப்பெடுக்கும். முடி இருந்தால் தொடக்கூடாது என்று குழந்தைக்கு இங்கேயே சொல்லிவிடலாம்.

தின்று கொழுத்த புழு ஒருநாள் செடியை விட்டு இறங்கிக் காணாமல் போகும். குழந்தை அழும். தொட்டியின் விளிம்பிலோ பக்கத்துக் குச்சியிலோ தேடுங்கள். வாலைப் பட்டுநூலால் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டி, சற்றே பின்னால் சாய்ந்து கூட்டுப்புழுவாகத் தொங்கும். பச்சைச் சூழலில் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் பெரும்பாலும் இருக்கும். பத்து நாள் போலக் கழித்துக் கூட்டின் நிறம் கறுத்தால் மறுநாள் காலையில் குழந்தையைச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். கசங்கிய ஈர இறக்கையோடு வெளியே வரும் பூச்சி, உடலிலுள்ள திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். காய ஓரிரு மணி நேரம் ஆகும். அப்போது சொட்டும் செந்நிற நீர் ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

ஆண் பூச்சி கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேறிய ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போல வேஷம் போடும். இந்த வேஷத்தை டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு ஆட்டிவைக்கிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள்.

எல்லாக் கூட்டிலிருந்தும் பூச்சி வராது. சிலவற்றில் ஒட்டுண்ணிக் குளவிகள் முட்டையிட்டிருக்கும். அவைதான் துளைத்துக்கொண்டு வரும். குழந்தை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தேனுக்கு இட்லிப்பூச்செடி ஒன்று வையுங்கள். அரளி வேண்டாம், வேர் முதல் விதை வரை நஞ்சு. தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், பிள்ளை அதில் கால் வைத்து ஏறும். வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்காதீர்கள்.

இலை மொட்டையானால் பயப்பட வேண்டாம், வேர் நன்றாக இருந்தால் கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் புழுவுக்குப் போடாதீர்கள், அதில் மருந்து அடித்திருந்தால் செத்துவிடும். முடிந்தால் இரண்டு கன்று வாங்குங்கள். சமையலுக்கு வைத்த கன்றில் புழு ஏறினால், இலையோடு கிள்ளி மற்றதன் கிளைமேல் வைத்தால் போதும்; தானே துளிருக்கு நகர்ந்துகொள்ளும்.