கிரிஸ்: இரும்புக்குள் விளையும் கோலம்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பல நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டுவரும் ‘கிரிஸ்’ என்னும் குறுவாளின் மதிப்பு, அதைச் செய்யும் கொல்லர் எந்த உலோகங்களைத் தேர்ந்தெடுத்தார், அவற்றை எவ்வாறு இணைத்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ‘எம்பு’ என்ற மதிப்புமிக்க பட்டத்தால் அழைக்கப்படும் இக்கொல்லர்களின் தொழில் எத்தகைய உயர்வுடன் கருதப்பட்டது என்பதற்கு, லாவு மலைச்சரிவில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த சுக்கு கோயிலின் புடைப்புச் சிற்பம் சான்றாகும். அதில் பீமன் ஆயுதம் வடிக்க, அர்ச்சுனன் துருத்தியை இயக்க, இருவருக்கும் நடுவே விநாயகர் நடனமாடுகிறார்.

கிரிஸின் அலகு ஒரே உலோகத்தால் ஆனதன்று. இரும்புத் தகடுகளுக்கிடையே நிக்கல் கலந்த இரும்பை அடுக்கி, கரி உலையில் காய்ச்சி, சுத்தியலால் அடித்து ஒன்றாக ஒட்டச்செய்தபின், அந்தக் கட்டியை மடித்து மீண்டும் மீண்டும் அடிக்கிறார்கள். இவ்வாறு அடுக்குகள் பெருகிய கட்டியை இரு பாதிகளாக்கி, அவற்றின் நடுவே எஃகுத் தகடு ஒன்றை வைத்து இணைப்பதால், எஃகு கூர்மையைத் தாங்க, இருபுறமும் உள்ள மென்மையான இரும்பு அலகு எளிதில் ஒடியாமல் காக்கிறது. மடிப்பும் முறுக்கும் மாறுவதற்கேற்ப அலகின் மேல் வெவ்வேறு வரிகள் தோன்றுகின்றன. ‘பாமோர்’ எனப்படும் இக்கோலங்களுள், சிந்திய அரிசியைப் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிவது ‘பெராஸ் வுத்தா’ ஆகும். அலகு நேராகவும் இருக்கலாம், பாம்பு நெளிவதுபோல் வளைந்தும் இருக்கலாம். வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே அமைய வேண்டும் என்பது மரபு.

நிக்கல் கலந்த இரும்பு எளிதில் கிடைத்ததில்லை. சுலாவேசித் தீவின் லூவு பகுதியிலிருந்து வந்த இரும்பு இதற்காகவே தேடி வாங்கப்பட்டது. பிரம்பானான் அருகே விழுந்த விண்கல் ஒன்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதன் உலோகம் அரச குறுவாள்களில் சேர்க்கப்பட்டது. இன்றைய கொல்லர்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் நிக்கல் தகட்டையே பயன்படுத்துகிறார்கள். விண்கல்லுக்குத் தனிப் பெருமை உண்டென்றாலும், அழகான வரியைத் தருவது கொல்லரின் கைத்திறனே.

அரத்தால் தேய்த்து வடிவம் கொடுத்த அலகில் இவ்வரிகள் உடனே தெளிவாகத் தெரிவதில்லை. எலுமிச்சை இனப் பழச்சாற்றால் அழுக்கு நீக்கி, அச்சாற்றோடு ஆர்சனிக் பாஷாணம் சேர்த்த கலவையைப் பூசும்போது இரும்பு கறுத்துவிட, நிக்கல் அடுக்குகள் மட்டும் வெள்ளிபோல் ஒளிர்கின்றன. கொடிய நஞ்சான பாஷாணத்தைக் கையாளப் பழகியவர்களே செய்ய வேண்டிய வேலை இது.

உறைக்கும் பிடிக்கும் மரம் தேர்வதிலும் இதே கவனம் உண்டு. இயற்கையாகவே கரும்புள்ளிகள் படர்ந்த ‘திமோஹோ’ மரம் ஜாவாவில் பெரிதும் விரும்பப்படுகிறது. சந்தனமும் உறைக்குப் பயன்படுகிறது.

யுனெஸ்கோ 2005இல் இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. மதுரா தீவின் சுமெனெப் பகுதியில் இன்றும் உலைகள் எரிகின்றன. எனினும், சாதாரண இரும்பின் மேல் அமிலத்தால் கோலம் அரித்த போலிகளும் சந்தையில் விற்கின்றன. அவற்றின் கோலம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. பாமோர் இல்லாத கிரிஸ்களும் மரபில் உண்டு; ஆனால், இவ்வாறு அரித்த கோலத்தைப் பாமோர் என்று அழைப்பது தகாது.