ஊரைப் படித்தவர்கள் - 14: பண்ருட்டிப் பக்கத்துக் கடன் கணக்கு

சென்ற வாரம் பார்த்த இருவேல்பட்டு, 1916-ல் தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-ல் வெளியிட்ட தொகுப்பில் அந்த ஊர்ப் படியாட்கள் வருகிறார்கள். கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்கியவர் அவர் நிலத்திலேயே உழைத்துக் கிடப்பார். கடன் மட்டும் அடையாது. அப்பனுக்குப் பின் பிள்ளை தலையில் ஏறும். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, அதே பழைய மாவட்டத்தின் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கடனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இன்னொருவர் வந்தார். இந்த முறை கணக்கு பெண்கள் கையில் இருந்தது.

வந்தவர் இசபெல் கெரான், பிரெஞ்சுச் சமூகப் பொருளியல் ஆய்வாளர். செனகல் நாட்டுப் பெண்களின் பணப் புழக்கத்தை ஆராய்ந்தவர், 2000-களின் தொடக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களைப் பற்றித்தான் இங்கே முதலில் எழுதினார். படியாள் முறை ஒழிந்த பிறகும், பருவத்துக்குப் பருவம் புதிதாக விழும் கட்டு ஒன்று இருப்பதை அந்தக் கட்டுரைகள் காட்டின.

வந்தோம், கேட்டோம், போனோம் என்று இல்லாமல் ஒரே வட்டாரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்ததுதான் இந்த ஆய்வின் பலம். 2010-ல் கெரானும் சக ஆய்வாளர்களும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் பத்து கிராமங்களில் 405 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். ஒரு பக்கம் நெய்வேலி நிலக்கரி, இன்னொரு பக்கம் கடலூர் சிப்காட், நடுவில் பலாவும் முந்திரியும் கைமாறும் பண்ருட்டி. விவசாயக் கூலியை மட்டும் நம்பியிராத வட்டாரம் இது. 2016-17-லும் 2020-21-லும் அதே குடும்பங்களிடம் மறுபடி போனார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களையும் தேடிப் பார்த்தார்கள்.

இரண்டாவது கணக்கெடுப்பு பாதியில் நிற்கும்போதுதான் 2016 நவம்பர் 8 வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அறிவிப்புக்கு முன் பேசிய குடும்பங்களையும் பின் பேசிய குடும்பங்களையும் ஒப்பிடும் வாய்ப்பு இப்படித் தானாகவே அமைந்தது. ரொக்கத்தை ஒழித்து எல்லோரையும் வங்கிக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன நடவடிக்கை, மக்களைச் சொந்தம், சாதி, தெரிந்தவர் என்ற பழைய வலைகளிடமே தள்ளிவிட்டது என்று 2017-ல் எழுதினார்கள். கைமாத்து தர ஆள் இருந்தவர் தப்பினார். இல்லாதவர் தவித்தார்.

குழு லோன் கட்டும் நாளைப் பார்த்தவர்களுக்குப் பெண்களின் கணக்கு புரியும். பைக்கில் வசூல்காரர் வந்து உட்காருவார். எதிரில் பாஸ் புக்கோடு பெண்கள். ஒருவர் தவணை குறைந்தாலும் கூட்டம் கலையாது. மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதற்காக முதல் நாளே தோடு அடகுக்குப் போயிருக்கும். தோட்டை மீட்கத் தண்டல்காரரிடம் வாங்க வேண்டும், தண்டலை அடைக்கச் சீட்டை எடுக்க வேண்டும். எந்தக் கடனை எதைக் கொண்டு அடைப்பது, யாரிடம் கேட்டால் மானம் போகாது என்பதெல்லாம் அவள் மனத்துக்குள்ளேயே ஓடும். வட்டி குறைவு என்பதற்காக எல்லாரிடமும் கை நீட்டிவிட முடியாது. எந்தச் சாதிக்காரரிடம் வாங்குகிறோம், வாசலில் வந்து கத்துவாரா என்பதும் கணக்கில் சேரும்.

குடும்பக் கடன் என்று மொத்தமாக எழுதிக்கொள்ளாமல், ஒவ்வொரு கடனையும் வாங்கியவர் யார் என்று இந்தக் கணக்கெடுப்பு கேட்டது. அப்படிக் கேட்டதால்தான், எலெனா ரெபூல், கிறிஸ்டோஃப் நோர்ட்மன் ஆகியோரோடு கெரான் 2021-ல் எழுதிய கட்டுரை சாத்தியமானது. வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் பெண்களின் கடன் ஆண்களுடையதைவிடக் கனமானது. அதிலும் பெரும்பாலும் வீட்டுச் செலவுக்காக வாங்கியது. ஏழைகளிடமும் தாழ்த்தப்பட்ட சாதியினரிடமும் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல்.

2023-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘தி இன்டெட்டட் வுமன்’ இருபது ஆண்டு அலைச்சலின் விளைச்சல். கடன் வாங்குவது, சுழற்றுவது, கட்டுவது எல்லாமே கூலியில்லாத ஒரு வேலை, அது பெண்கள் தலையில் விழுந்திருக்கிறது என்கிறது நூல். கடன் கொடுப்பவர் சிலர் உடலையும் பிணையாகக் கேட்பதை அது மறைக்கவில்லை. நம் வீடுகளில் தாழ்ந்த குரலில்கூடப் பேசப்படாத செய்தி இது. அட்டையில் கெரானோடு சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் பெயர்களும் சமமாக இருக்கின்றன. களத்தில் கூட நடந்த உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரையில் ஒரு வரி நன்றியோடு முடித்துவிடும் நூல்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

உலக அளவில் இந்த ஆய்வுகள் மோதியது சிறிய இடத்தில் அல்ல. நுண்கடனைப் பரப்பிய முகம்மது யூனுஸுக்கு 2006-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, குழு லோன் போன்ற நுண்கடன் வறுமையைத் தீர்க்கும் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. மருந்துச் சோதனை போல் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து வறுமைத் திட்டங்களைச் சோதித்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமருக்கு 2019-ல் பொருளியல் நோபல் கிடைத்தது. டுஃப்லோவும் பங்கேற்ற மொராக்கோ நுண்கடன் ஆய்வின் தரவுகளைக் கெரானும் சக ஆய்வாளர்களும் அதே ஆண்டில் மறுபடி சோதித்து, அவற்றில் பிழைகளையும் முரண்களையும் எடுத்துக்காட்டினார்கள். மறு ஆண்டே அந்த முறையை விமர்சிக்கும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை, பெதெக்கரா, ரூபோ ஆகிய சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார் கெரான்.