க்ஷயரோகத்திற்குச் செலவாகும் பணமும் கடைமடைக் கிராமங்களும்

அறந்தாங்கிப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கடைமடை என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி ஒரு நாள் வருகிறது. தண்ணீர் வந்து சேருவதோ வேறொரு நாள். தேசங்கள் க்ஷயரோகத்திற்கென ஒதுக்கும் பணத்தின் கதியும் ஏறக்குறைய இதுவே. தலைமடையில் எவ்வளவு திறக்கப்படுகிறது, வழியில் எவ்வளவு நிற்கிறது, கடைசியில் நோயாளியின் வீட்டு வாசலுக்கு என்ன வந்து சேருகிறது என்பதை நமது சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அந்தக் கடைசி மடையில் நிற்பவர்களுள் நாமும் ஒருவர்.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2024ஆம் வருஷத்தில் உலகமெங்கும் 1 கோடியே 7 லக்ஷம் பேருக்கு இந்நோய் கண்டது. 12 லக்ஷத்து 30 ஆயிரம் பேர் இறந்தனர். நோய் கண்டவர்களில் நால்வருக்கு ஒருவர் இந்தியர். ஆனால் மொத்தத் தொகையைக் கொண்டு மட்டும் ஒரு தேசத்தை எடைபோடலாகாது. ஜனத்தொகை மிகுந்த இடத்தில் தொகையும் மிகும். லக்ஷம் பேருக்கு எத்தனை பேர் என்று கேட்பதே நியாயமான கேள்வி. அவ்வாறு கேட்டால் பிலிப்பைன்ஸ் தீவுகளில் லக்ஷத்திற்கு 600க்கு மேற்பட்டோர். இந்தியாவில் 2015இல் 237 ஆக இருந்தது 2024இல் 187 ஆயிற்று. சீனாவில் ஏறக்குறைய 50. அமெரிக்காவிலோ மூன்று பேர்தான். நமது தேச சராசரியை மூவாயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்திற்குப் பொருத்திப் பார்த்தால், வருஷம் ஒன்றுக்கு ஐந்தாறு பேர். இது சராசரிக் கணக்கே. ஊருக்கு ஊர் மாறும். ஆயினும் அந்த ஐந்தாறு பேருள் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம் என்று ஒவ்வொரு சங்கமும் கேட்டுக்கொள்ளலாம்.

பணத்தின் கணக்கு இன்னும் வருந்தத்தக்கது. 2023 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய தேசங்கள், நோயைக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் குணப்படுத்தவும் 2027க்குள் வருஷந்தோறும் 2,200 கோடி டாலர் செலவிடுவதென்று இசைந்தன. 2024இல் உண்மையில் கிடைத்தது சுமார் 590 கோடி டாலர். அதாவது கால் பங்குக்குச் சற்று அதிகம். அதிலும் ஐந்தில் நான்கு பங்கு அந்தந்த தேசத்தாரின் சொந்த வரிப்பணம். எஞ்சியது அன்னிய உதவி. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில் அந்த சர்க்கார் தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அதையே நம்பியிருந்த ஏழை தேசங்களில் கபப் பரிசோதனையும் மருந்து விநியோகமும் தடுமாறின. இந்தியாவின் வேலைத்திட்டம் பெரும்பாலும் உள்நாட்டு வருமானத்தாலேயே நடப்பதால் அந்த அடி இங்கே அவ்வளவாகத் தாக்கவில்லை. பிறர் கிணற்று நீரை நம்பி நாற்று விடுவதன் அபாயம் நமது விவசாயிகளுக்குப் புதிதன்று.

இனி, குறைந்த செலவில் அதிகப் பயன் பெறும் வழியை உலகத்திற்குக் காட்டியது நமது ராஜதானிதான் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லாவில் சேர்ந்திருந்த அந்நாட்களில் இந்நோய்க்குச் சிகிச்சை என்றாலே சானடோரியம் என்று பொருள். மதனப்பள்ளியில் 1915இலும், தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து அவர்களால் 1928இலும் அத்தகைய நிலையங்கள் ஏற்பட்டன. ஆனால் 1946இல் வெளியான போர் கமிட்டியின் மதிப்புப்படி, தேசத்தில் நோயாளிகள் சுமார் 25 லக்ஷம். அவர்களுக்கிருந்த படுக்கைகளோ சுமார் ஆறாயிரம். படுக்கைகளைக் கட்டியே இதைத் தீர்ப்பதென்றால் எந்தப் பொக்கிஷமும் தாங்காது.

ஆகவே 1956இல் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் கூடிச் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினர். ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலுமே வைத்து, இரு பகுதியினருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தனர். வீட்டிலிருந்தோருக்கு இட நெருக்கடி, உணவும் குறைவு, பலர் வேலைக்கும் சென்றுவந்தனர். அப்படியிருந்தும் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகம் பரவவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் அவசியத்தைக் குறைத்தது. இன்று அறந்தாங்கி அரசு மருத்துவமனையில் மருந்தைப் பெற்றுக்கொண்டு ஒருவர் தன் வீட்டிலேயே ஆறு மாதத்தில் குணமடைய முடிகிறதென்றால், அதன் வேர் சேத்துப்பட்டிலிருக்கும் அந்த நிலையத்தில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியைக் காட்டி, உணவு முக்கியமன்று என்று சிலர் பேசியதுண்டு. அது தவறான வாதம் என்பதே எமது அபிப்பிராயம். மருந்து ஒழுங்காகச் சென்றால் குணம் உண்டாகுமா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை ஜார்க்கண்டிலிருந்து வந்தது. அங்கே 2,800 நோயாளிகளின் வீடுகளிலிருந்த 10,345 பேரை ஆராய்ந்தனர். ஒரு பகுதிக் குடும்பங்களில் ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை ஆகியவை கொடுக்கப்பட்டன. மறு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவு கிடைத்தது. முதற் பகுதியில் புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. கிருமி நிச்சயமாகக் காணப்பட்ட நோயோ 48 பங்கு குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 பங்கு குறைந்தது. 2023 ஆகஸ்டில் இது பிரசுரமாயிற்று.

அரிசியும் பருப்பும்! சென்னை மாகாணத்தில் 1904இல் திரூரில் முதல் ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்ட நாள் முதல் நாம் எத்தனையோ காரியங்கள் செய்துவருகிறோம். இன்று தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. தராசில் நாம் நிறுக்கும் அந்தச் சரக்குத்தான் ஜார்க்கண்டில் நோயைத் தடுத்தது. ஆகையால் நோயுள்ள வீட்டாரின் குடும்ப அட்டை ஏதோ காரணத்தால் நின்றுபோயிருந்தால் அதை எளிய குமாஸ்தா விஷயமாகக் கருதலாகாது.

கடன் வசூலும் இதில் அடங்கும். நோய் கண்ட குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, வருஷ வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதனால் இழக்கின்றன. மருந்து இலவசம்தான், இழப்பது கூலியும் வண்டிச் சத்தமும், ஆரம்பத்தில் சரியான பரிசோதனையின்றித் தனியார் கடைகளில் வாங்கிய இருமல் மருந்துகளின் விலையும். நகையை அடமானம் வைத்து மீட்க இயலாமற்போன அங்கத்தினரைக் குறைகூறுமுன் அவர் வீட்டில் யார் இருமுகிறார் என்று விசாரிப்பது நல்லது.

நோயாளிக்கு மத்திய சர்க்கார் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் உணவுக்கென வழங்கிற்று. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. இப்பணம் பாங்குக் கணக்கில் சேருவது. கணக்கு விவரம் பிழைபட்டால் தாமதிக்கும். இங்கே காரியதரிசிகள் ஒரு மணி நேரம் செலவிட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும். மேலும் 2022 செப்டம்பரில் ஆரம்பமான நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டின்படி, தனி நபர்களைப் போலவே கூட்டுறவுச் சங்கங்களும் நோயாளிகளை ஏற்று மாதந்தோறும் உணவுப் பொருள் அளிக்கலாம். துணைவிதிகள் இடங்கொடுக்கும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து இதைச் செய்வது பற்றி அடுத்த மகாசபையில் ஆலோசிக்கலாம். நோயாளி சம்மதித்தாலன்றி அவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கலாகாது.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலை ஜுரம், எடை குறைவு, இரவில் வியர்வை இவற்றுள் எது கண்டாலும் கபத்தைப் பரிசோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணமில்லை. நிற்க முடியாத தளர்ச்சி, மூச்சுத் திணறல், மிகுந்த மெலிவு உள்ளவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு சர்க்கார் 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்ற பெயரில் ஆரம்பித்தது. அத்தகைய நிலையிலுள்ளவருக்கு ஊரில் வண்டி கிடைக்காவிடில், உரம் ஏற்ற வரும் வண்டியை நிறுத்திக்கூட அனுப்பிவைக்கலாம்.