தேனில் பட்டினி கிடக்கும் ஈஸ்ட்

வேல்ஸில் செவிலியராகப் பணிபுரியும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் சமையலறையில் ‘பிராகட்’ என்றொரு பானம் காய்ச்சுகிறாராம். “ஒரு டின் மால்ட் பாகு, சில பாட்டில் தேன், ஒரு பொட்டலம் ஈஸ்ட், கொஞ்சம் ஹாப்ஸ் பூ. இவ்வளவுதான் இருந்தன. தானியத்தைக் கண்ணிலேயே காணோம். பீர் வகை என்றால் பார்லி ஊற வேண்டாமா?” என்று கேட்கிறார்.

ஊறத்தான் வேண்டும். அந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். முளையின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சாற்றை வடித்து, அழுத்தம் குறைந்த கலனில் மிதமான சூட்டில் வற்றவைத்தால் மால்ட் பாகு கிடைக்கிறது. அதில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தானியத்தைத் தாமே ஊறவைப்பவர்களில் சிலர் டின் பாகைக் குறுக்குவழி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாகும் பார்லிதான்.

பிராகட் மிகப் பழைய பானம். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹவெல் தா மன்னரின் பெயரால் வழங்கும் வேல்ஸ் சட்டங்களில், அரசனுக்குச் செலுத்தும் வரிப்பொருள்களில் அதுவும் ஒன்று. ஒரு தொட்டி தேன் மது தர வேண்டும். அது இல்லையென்றால் இரண்டு தொட்டி பிராகட். அதுவும் இல்லையென்றால் நான்கு தொட்டி ஏல் என்னும் பீர். தேனை அந்த மக்கள் எவ்வளவு உயர்வாக மதித்தார்கள் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. இன்றைய பிரிட்டனில் விற்பனைக்கு அல்லாமல் வீட்டில் காய்ச்சத் தடையில்லை. அதற்கு உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். இங்கிருப்பவர்கள் இதன் அறிவியலை மட்டும் அறிந்துகொண்டால் போதும்.

அந்த அறிவியலில் என்னை விடாமல் ஈர்க்கும் விந்தை ஒன்று உண்டு. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. ஆனாலும் அதில் ஈஸ்ட் பட்டினி கிடக்கிறது.

கெட்டித் தேனில் ஈஸ்டால் இயங்கவே முடியாது. அங்கே தண்ணீர் 18 சதவீதம் அளவில்தான். அடர்ந்த சர்க்கரை, செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். தேன் கெடாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். தண்ணீர் சேர்த்தால் இந்தத் தடை விலகுகிறது. ஆனால் நொதித்தல் அப்போதும் ஊர்ந்துதான் நகரும். புதிய செல்களைக் கட்ட ஈஸ்டுக்கு நைட்ரஜன் வேண்டும். நம் விவசாயிகள் தழைச்சத்து என்பார்களே, அதுதான். தேனில் அது மிகச் சொற்பம். நொதிக்கும்போது ஏறும் புளிப்பைத் தாங்கிப்பிடிக்கும் பொருள்களும் தேனில் குறைவு. வாடிப்போன ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும்.

எங்கள் மொட்டைமாடியில் கோகோபீட்டில் மட்டும் முளைக்கும் மிளகாய் நாற்றுகளும் இப்படித்தான். வெயிலுக்கும் தண்ணீருக்கும் குறைவிருக்காது. இலை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். தொழுவுரம் கலந்த பிறகே பச்சை பிடிக்கும்.

பிராகட்டில் தொழுவுரத்தின் வேலையை மால்ட் செய்கிறது. பார்லி தன் இளம் முளையை வளர்ப்பதற்காகப் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்கி வைத்திருக்கிறது. ஒரு பயிர் தன் பிள்ளைக்கு வைத்த உணவு ஈஸ்டுக்குப் போய்ச் சேர்கிறது. தேனும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. மால்ட் சர்க்கரையில் ஏறக்குறைய கால் பங்கு நொதிக்காமல் தங்கிவிடும். தேனின் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்துவிடும். தனி மால்ட் பானத்தின் கனத்தைத் தேன் குறைக்கிறது. தனித் தேன் மதுவின் மெலிவை மால்ட் சரிசெய்கிறது.

செய்முறை எளியது. 20 லிட்டருக்கு 1.5 கிலோ மால்ட் பாகு, 2 கிலோ தேன் என்று எடுத்தால் ஆல்கஹால் ஏறத்தாழ 6 சதவீதம் வரும். மால்ட் கரைசலையும் ஹாப்ஸையும் கொதிக்கவைப்பார்கள். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு அடுத்தடுத்த நாள்களில் மாறாமல் நின்ற பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

தேனை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மால்ட்டோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பூ மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகே ஊற்ற வேண்டும். ஈஸ்டுக்கு உணவு கொடுக்க மால்ட் இருக்கிறது. இனிப்பு மட்டும் வேண்டுமென்றால் சர்க்கரையே போதும். தேனை நாடுவது அதன் மணத்துக்காக. மணத்தைக் கொன்றுவிட்டுத் தேன் பானம் என்று பெயரிடுவது தேனீக்கு நாம் செய்யும் அவமரியாதை.

கலப்படம் அதைவிடப் பெரிய கேடு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகளில் 46 சதவீதம் கலப்படச் சந்தேகத்துக்கு உள்ளாயின. அரிசிப் பாகு கலந்த தேனிலும் ஈஸ்ட் நன்றாகவே நொதிக்கும். ஆல்கஹால் அளவைப் பார்த்து ஏமாற்றைக் கண்டுபிடிக்க முடியாது. மலிவுத் தேன் வாங்கும் ஒவ்வொரு முறையும் நேர்மையான தேனீ வளர்ப்பாளரை நாம் தொழிலிலிருந்து தள்ளுகிறோம். அவர் பெட்டிகளை மூடினால் சுற்றியுள்ள தோட்டங்களில் மகரந்தம் சுமப்பதும் குறையும்.

வாசகிக்கு நான் சொல்வது இதுதான். அந்தப் பெரியவரிடம் தேன் எந்தப் பூவினுடையது, யாரிடம் வாங்கியது என்று கேளுங்கள். இரண்டுக்கும் அவரிடம் பதில் இருந்தால், அவர் காய்ச்சும் பிராகட் நல்ல பிராகட்டாகத்தான் இருக்கும்.