நோயில்லாத மாட்டிடம் ஒரு விசாரணை

கேளம்பாக்கம் சந்திப்பில் ஐடி நிறுவனப் பேருந்துகளை மறித்துப் படுத்திருக்கும் மாடுகளைத் திட்டாதவர்கள் குறைவு. அந்த மாட்டின் ரத்தத்தில் இந்த வட்டாரத்தின் மழைக்காலச் சேதி எழுதியிருக்கக்கூடும்.

நீலநாக்கு நோய் வதைப்பது செம்மறியாடுகளை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும்: காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண், நொண்டல், சில ஆடுகளுக்கு நாக்கே நீலம் பாரித்துவிடும். 1997-98இல் தமிழ்நாட்டு மந்தைகள் கடுமையாக அடிபட்டன. செங்கல்பட்டுப் பக்கத்துக்கே உரிய மெட்ராஸ் சிவப்பு ஆடும் தென்னிந்தியாவின் மற்ற நாட்டு ஆடுகளைப் போல இதற்குத் தப்புவதில்லை.

நோயைப் பரப்புவது குலிக்காய்டிஸ் என்ற பூச்சி. கொசுவைவிடப் பொடிசு, சாணமும் சேறும் கலந்த ஈரம் அதற்குத் தொட்டில். கடிப்பது பெண் பூச்சி மட்டுமே. நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் டு டோய்ட் என்ற ஆய்வாளர் 1944இல் கண்டுபிடித்தார்.

இதே வைரஸ் மாட்டுக்குள்ளும் போகிறது. மாடோ பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல் அசைபோடும். சிவப்பணுக்களைப் பற்றிக்கொண்டு வைரஸ் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். கடிக்க வரும் அடுத்த பூச்சி அதை எடுத்துப் போகும். வைரஸ் போனபின்பும் எதிர்ப்புரதம் நெடுநாள் தங்கிவிடும். செத்த ஆட்டைத் தேடிப் போனால் ஆடு செத்த ஊர்தான் தெரியும். வைரஸ் சத்தமில்லாமல் எங்கெல்லாம் உலவுகிறது என்று அறிய, ஊர் ஊராக மாட்டின் கழுத்து நாளத்தில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று காட்டும் எலைசா சோதனை செய்ய வேண்டும்.

எந்த மாட்டிடம் எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். கிழமாட்டின் ரத்தம் ‘எப்போதோ கடி வாங்கினேன்’ என்று மட்டும் சொல்லும். இளங்கன்றின் எதிர்ப்புரதமோ தாயின் சீம்பாலில் வந்ததாக இருக்கலாம். அதனால் ஆஸ்திரேலியாவில், இன்னும் தொற்று காணாத இளமாடுகளைக் காவல் மந்தையாக வைத்துத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். முந்தைய சோதனையில் இல்லாத எதிர்ப்புரதம் இப்போது தென்பட்டால், இடைப்பட்ட நாட்களில் வைரஸ் அங்கே வந்துபோயிருக்கிறது. நம் ஊருக்கும் இதுதான் சரியான வழி என்பேன். பருவமழை யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை; அதனால் ஒரே ஒருமுறை எடுத்த ரத்தம் போதாது.

இந்த எலைசாவிலும் ஒரு குறை உண்டு. நீலநாக்கு வைரஸ் தாக்கியதா என்று காட்டும். எந்த வகை என்று காட்டாது. வகைகளோ 24க்கும் மேல். ஒரு வகைக்கான தடுப்பூசி இன்னொன்றைப் பெரும்பாலும் தடுக்காது. இந்தியத் தடுப்பூசியில் இருப்பவை 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து. ஆகவே எதிர்ப்புரதம் கண்ட ஊரில், ரத்தத்திலிருந்து வைரஸையே பிரித்தெடுத்து வகை பார்க்க வேண்டும். ஆறாவதாக ஒன்று அங்கே சிக்கினால், ஊசி போட்ட ஆடும் அதற்கு இரைதான்.