கோதுமைக் கப்பலின் கடதாசிகள்

எமது நாட்டில் கோதுமை விளைவதில்லை. உலர் உணவு நிவாரணத்திலே எமக்குக் கிடைத்த மாவும், இன்று கடையில் வாங்கிப் பாணாகவும் ரொட்டியாகவும் பிட்டாகவும் உண்ணும் மாவும் கடல் கடந்து வந்த கோதுமையே. வெளிநாட்டு வயல்களில் அறுவடையான கோதுமை மூட்டை கட்டப்படாமல், மணியாகவே கப்பலின் வயிற்றிலே கொட்டப்பட்டு வருகின்றது. திருகோணமலையில் சீனக்குடாவில் உள்ள மா ஆலையின் இறங்குதுறைக்கு அப்படிப்பட்ட கப்பல்கள் வந்து போவதை அப்பகுதி மக்கள் அறிவர்.

அக்கப்பல்களுடன் கோதுமை மட்டும் வருவதில்லை. ஒரு கட்டுக் கடதாசிகளும் வருகின்றன. அவை செல்லுபடியாகாவிட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பலைத் தடுத்து வைக்கலாம். கடதாசியின் அருமையை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டையும் மாட்டையும் விட்டு ஓடியபோதும் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையிலே சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். ஒரு கப்பலுக்கு ஏன் இத்தனை கடதாசிகள், அவற்றை யார் கொடுக்கிறார்கள், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பாமிர் கப்பலின் பார்லி

தானியம் ஏற்றும் கப்பலிடம் கேட்கப்படும் சிறப்பான கடதாசி ஒன்று உண்டு. அது தானியம் ஏற்றுவதற்கான அதிகாரப் பத்திரம். அதன் தேவையை விளங்கிக்கொள்ள ஒரு விபத்தைப் பார்த்தால் போதும்.

1957 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பாமிர் என்னும் ஜேர்மன் பாய்க்கப்பல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 3,780 தொன் பார்லி இருந்தது. பெரும்பகுதி மூட்டையில் அல்லாமல் மணியாகவே கொட்டப்பட்டிருந்தது. கப்பலில் இருந்த 86 பேரில் 51 பேர் கடற்றொழில் பயில வந்த இளைஞர்கள். செப்ரெம்பர் 21 ஆம் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்திலே, அசோர்ஸ் தீவுகளுக்கு அப்பால், கடும் சூறாவளியில் கப்பல் சிக்கியது. காற்றில் சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரவில்லை. 80 பேர் மாண்டனர். 6 பேர் மட்டுமே மீட்கப்பட்டனர். பின்னர் லூபெக் நகரில் நடைபெற்ற விசாரணை, உள்ளே இருந்த பார்லி ஒருபக்கமாகச் சரிந்ததை முக்கிய காரணமாகக் காட்டியது.

தானியம் எப்படிச் சரியும் என்பது எமது கமக்காரருக்குப் புதிதல்ல. புசல் பெட்டியில் நெல்லை நிரப்பித் தட்டினால் நெல் இறங்கும். மேலும் இரண்டு கொத்து பிடிக்கும். தட்டித் தட்டி அளந்த வியாபாரியிடம் நட்டப்பட்டவர்கள் எம்மில் பலர். கப்பலிலும் இதுவே நடைபெறுகின்றது. துறைமுகத்திலே விளிம்பு வரை நிரம்பிய அறை, இயந்திரத்தின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் சில நாட்களில் இறங்கி, மேலே வெற்றிடம் உண்டாகின்றது. பின்பு கப்பல் ஒருபக்கம் சாயும்போது, களத்திலே பொலி சரிவதுபோலத் தானியமும் அந்தப் பக்கம் சரிகின்றது. நீராக இருந்தால் கப்பல் மறுபக்கம் ஆடும்போது அதுவும் திரும்பி ஓடும். தானியம் அப்படித் திரும்புவதில்லை. சரிந்த இடத்திலேயே தங்கிவிடும். அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம் சரியும். இப்படியே சாய்வு கூடிக்கொண்டு போகும்.

இதற்காகவே சர்வதேசத் தானிய விதிக்கோவை உண்டாக்கப்பட்டது. இப்போதுள்ள விதிக்கோவை 1994 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கோதுமை, சோளம், பார்லி மட்டுமன்றி அரிசியும் பருப்பு வகைகளும் விதைகளும் அதில் அடங்கும். தானியம் சரிந்தாலும் கப்பலின் சாய்வு 12 பாகைக்கு மேற்படாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டவேண்டும். அவ்வாறு கணக்குப் பார்த்து அங்கீகரிக்கப்பட்ட கப்பலுக்கே அதிகாரப் பத்திரம் வழங்கப்படும்.

இந்த விதியிலே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பத்திரம் இல்லாத கப்பலை அது முற்றாக விலக்கிவிடவில்லை. அக்கப்பலின் கப்டன், தாம் ஏற்றப்போகும் முறையில் கப்பல் விதிகளுக்கு அமைய இருக்கும் என்பதைத் தக்க கணக்குகளுடன் அதிகாரிகளுக்குத் திருப்திப்படும்படி காட்டவேண்டும். காட்டும் வரை தானியம் ஏற்ற முடியாது. கடதாசி இல்லாதவருக்கும் உண்மையை நிரூபிக்க ஒரு வழி விடப்பட்டுள்ளது. காணி உறுதியைத் தொலைத்துவிட்டு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த விதியின் நியாயம் நன்கு விளங்கும்.

கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு

சரக்குக் கப்பலின் வெளிப்பக்கத்தில், நடுப்பகுதியில், ஒரு வட்டமும் அதனை ஊடறுத்துச் செல்லும் கோடும் காணப்படும். அருகிலே ஏணிப்படிகள் போன்று சில கோடுகள் இருக்கும். கடல் நீர் உரிய கோட்டுக்கு மேலே வந்தால் பாரம் கூடிவிட்டது என்று பொருள். வெப்பமண்டலக் கடலுக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒரு கோடு, மாரிக்கு ஒரு கோடு. புயல் மிகுந்த மாரிக்காலக் கடலில் பாரம் குறைக்கப்பட வேண்டும். இக்கோடுகள் சரியாகக் கணக்கிடப்பட்டு இடப்பட்டன என்பதற்கு உரிய கடதாசியே பாரக்கோட்டு அத்தாட்சிப் பத்திரம்.

இக்கோடு சும்மா வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியக் கப்பல் முதலாளிகள் சிலர் பழைய கப்பல்களில் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றி, கூடிய தொகைக்குக் காப்புறுதியும் செய்து அனுப்பினர். கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்கு நட்டமில்லை. மாலுமியின் மனைவி பிள்ளைகளுக்கே நட்டம். அவற்றை மக்கள் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அழைத்தனர். டேர்பி நகரின் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோல் இதனை எதிர்த்து 1873 இல் ஒரு நூல் எழுதினார். 1875 இல் அரசாங்கம் மசோதாவைக் கைவிட முற்பட்டபோது பாராளுமன்றத்திலேயே கொதித்தெழுந்தார். மக்கள் அவர் பக்கம் நின்றனர். 1876 இல் சட்டம் வந்தது.

ஆனால் அச்சட்டத்திலே ஓர் ஓட்டை இருந்தது. கோடு இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்டதே அன்றி, எந்த உயரத்தில் என்று சொல்லப்படவில்லை. அதனை முதலாளியே தீர்மானித்தார். கோட்டின் இடத்தைச் சட்டம் நிர்ணயிப்பதற்கு 1890 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதினான்கு ஆண்டுகளும் கப்பல்களில் கோடு இருந்தது, பாதுகாப்பு இருக்கவில்லை.

பெட்டியில் உள்ளவை

ஏனைய கடதாசிகளைச் சுருக்கமாகக் கூறலாம். பதிவுப் பத்திரம் கப்பல் எந்த நாட்டுக்கு உரியது என்று கூறும். கப்பலின் வரலாற்றுப் பதிவேடு, அதன் பழைய பெயர்கள், கொடிகள், உரிமையாளர்கள் யாவற்றையும் வரிசையாகக் காட்டும். எமது காணிப் பதிவகத்தின் தோம்பு போன்றது. பெயர் மாறினாலும் கப்பலின் ஏழு இலக்க அடையாள எண் மாறாது.

1912 இல் டைட்டானிக் மூழ்கி 1,500 பேர் வரை இறந்ததைத் தொடர்ந்து 1914 இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கை. அதன்படி கப்பலின் கட்டுமானம், உயிர்காப்புப் படகுகளும் தீயணைப்புக் கருவிகளும், வானொலித் தொடர்பு ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பு அத்தாட்சிகள் வேண்டும். அவை கூடியது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். இடையில் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. கப்பல் வேறு நாட்டுக் கொடிக்கு மாறினால் பழைய அத்தாட்சிகள் செல்லாது.

இவற்றுடன், ஆகக்குறைந்தது எத்தனை மாலுமிகள் இருக்கவேண்டும் என்ற பத்திரம், அவர்களின் தகைமைச் சான்றிதழ்கள், எண்ணெயால் கடல் மாசடையாமல் தடுக்கும் ஏற்பாடுகளுக்கான அத்தாட்சி, கம்பனியின் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கான அத்தாட்சி என்பனவும் உண்டு. ஆபத்தான பொருள்களை ஏற்றினால், அவை எவை, கப்பலில் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்ற பட்டியலும் இருக்கவேண்டும்.

கையொப்பம் இடுபவர் யார்?

இக்கடதாசிகளை வழங்கும் பொறுப்பு கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகின்றதோ அந்த நாட்டுக்கு உரியது. ஆனால் பல கப்பல்கள் உரிமையாளரின் நாட்டில் அல்லாமல் பனாமா, லைபீரியா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்படுகின்றன. பரிசோதனையைப் பெரும்பாலும் வகைப்படுத்தல் நிறுவனங்கள் எனப்படும் அமைப்புகள் அந்நாடுகளின் சார்பில் செய்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் செலுத்துபவர் கப்பல் உரிமையாளரே. இங்கேதான் பலவீனம் உள்ளது.

1999 டிசெம்பர் 12 ஆம் திகதி, எரிக்கா என்னும் எண்ணெய்க் கப்பல் பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால் இரண்டாக முறிந்தது. மால்ட்டாக் கொடியுடன் வந்த 24 வயதுக் கப்பல் அது. கடற்பயணத்துக்கு ஏற்றது என்று அத்தாட்சியும் பெற்றிருந்தது. மாலுமிகள் 26 பேரும் காப்பாற்றப்பட்டனர். ஆயினும் கொட்டிய எண்ணெய் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கரையைப் பாழாக்கியது. 2012 இல் பிரான்சின் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம், அத்தாட்சி வழங்கிய நிறுவனமும் குற்றவாளியே என்று உறுதி செய்தது. கையொப்பம் இட்டவரும் அதற்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்பது இத்தீர்ப்பினால் நிலைநாட்டப்பட்டது.

துறைமுகத்துப் பரிசோதனை

கொடி நாட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால், கப்பல் வந்து சேரும் நாட்டின் அதிகாரிகளும் ஏறிப் பார்க்கும் உரிமை உண்டு. கடதாசிகளைப் பார்ப்பர், ஐயம் எழுந்தால் படகை இறக்கிக் காட்டச் சொல்வர், தீயணைப்புப் பம்பியை இயக்கச் சொல்வர். குறை பெரிதாயின் கப்பலைத் தடுத்து வைப்பர். இந்து சமுத்திர நாடுகள் இதற்காக 1998 இல் ஓர் உடன்பாட்டைச் செய்தன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடாகும்.

ஆனால் தடுத்து வைப்பதோடு கடமை முடிந்துவிடாது. 2013 இல் ரோசஸ் என்னும் பழுதடைந்த கப்பலை லெபனானின் பெய்ரூட் துறைமுக அதிகாரிகள் பரிசோதித்துப் பயணத்தைத் தடுத்தனர். அது சரியான செயலே. பின்னர் உரிமையாளர் கப்பலைக் கைவிட்டார். கப்டனும் சில மாலுமிகளும் பல மாதங்கள் சம்பளமின்றி அதிலேயே சிறைப்பட்டிருந்தனர். அதிலிருந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று 2014 இல் துறைமுகக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டது. கடிதங்கள் மேசைக்கு மேசை சென்றன, தீர்வு வரவில்லை. 2020 ஓகஸ்ட் 4 ஆம் திகதி அது வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தனர்.

எமது கடலிலும் நாம் கண்டோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் அந்த ஆண்டிலேயே சேவைக்கு வந்த புதிய கப்பல். அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது பட்டியலில் இருந்தது. கொள்கலன் ஒன்றிலிருந்து அமிலம் கசிவதும் பயணத்திலேயே தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் உரிய நேரத்தில் செயற்படாமையின் விலையை நீர்கொழும்பு முதலான கரைகளின் கடற்றொழிலாளர் செலுத்தினர். 2025 யூலையில் எமது உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது.

கப்பல் வேலைக்குச் செல்வோருக்கு

நிலம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் கப்பல் வேலையை நாடுவதை இன்று பரவலாகக் காண்கிறோம். நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் முகவருக்குப் பணம் கட்டுவோரும் உளர். அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

2013 இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயத்தின்படி, வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் அறவிடக்கூடாது. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டும் அவருடையதாக இருக்கலாம். இரு தரப்பும் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தின் மூலப்பிரதி ஒன்று மாலுமியின் கையில் இருக்கவேண்டும். உரிமையாளர் கப்பலைக் கைவிட்டால் மாலுமியை ஊருக்கு அனுப்பவும், நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளத்தைக் கொடுக்கவும் நிதி உத்தரவாதம் இருக்கவேண்டும். அதற்கான அத்தாட்சி கப்பலில் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த உத்தரவாதம் 2017 முதல் கட்டாயமாகும்.

ஆகவே பணம் கேட்கும் முகவரிடம் முதலில் அவரது அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். அது உண்மையானதா என்பதைக் கொழும்பில் உள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரியுங்கள். ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையொப்பமிட வேண்டாம். ஆங்கிலத்தில் இருந்தால் விளங்கக்கூடிய ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். கப்பலின் பெயரை மட்டுமல்ல, அதன் ஏழு இலக்க எண்ணையும் எழுதி வையுங்கள். பெயர் மாறினாலும், கொடி மாறினாலும், பிள்ளை எந்தக் கப்பலில் இருக்கிறான் என்பதை அந்த எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.